தரைக்கு அடியிலிருந்து பார்க்க வேண்டிய கோவில்



ரோமுக்குப் போகிற நம்மவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பத்து நாளில் ஐந்து நாடு சுற்றிக் காட்டும் திட்டமாக இருந்தால், வத்திக்கானுக்கு அதில் அரை நாள் கிடைக்கும். அதிலும் பாதி நேரம் வரிசையில் கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் புனித பேதுரு பெருங்கோவிலுக்குள் நுழைந்து, நடுக்கூடத்தில் நடந்து, அண்ணாந்து நாலு படம் எடுத்து, வெளியே வந்து பேருந்தில் ஏறிவிடுவார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "ரொம்பப் பெரிசு, ரொம்ப அழகு" என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அங்கிருந்து ஒரு முழம்கூட நகர மறுத்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் கத்தோலிக்கன் அல்லன். கட்டடப் பொறியியல் படித்து, அந்தத் தொழிலிலேயே காலம் தள்ளியவன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அஸ்திவாரம் எப்படி, மண் எப்படி என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இந்தக் கோவிலுக்கு அது மிகப் பொருத்தமான கேள்வி என்று அங்கே போன பிறகு புரிந்தது. பார்க்க வருகிற எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கோவிலின் காரணமோ கீழே இருக்கிறது.

வத்திக்கான் என்பது ரோமானியர் காலத்தில் நகருக்கு வெளியே, டைபர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு குன்றுச் சரிவு. அதன் அடிவாரத்தில் கலிகுலா தொடங்கிய ஒரு தேரோட்ட மைதானம் இருந்தது. கி.பி. 64இல் ரோம் தீப்பற்றி எரிந்த பிறகு, மன்னன் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டுப் பலரைக் கொன்றான். அந்தக் காலத்தில்தான் இயேசுவின் சீடர் பேதுரு இந்த மைதானத்தில் தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு. உடலைப் பக்கத்துச் சரிவில் இருந்த இடுகாட்டில் புதைத்தார்கள். வெறும் மண்குழிதான். நூறு ஆண்டு போல் கழித்து, ஏறத்தாழ 160ஆம் ஆண்டில், அதன்மேல் சிவப்புப் பூச்சுப் பூசிய ஒரு சுவரை ஒட்டி, இரண்டு சிறு தூண்களுடன் ஒரு மாடம் எழுந்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த காயுஸ் என்ற ரோமைக் குரு அந்த நினைவிடத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

நாலாம் நூற்றாண்டில் மன்னன் கான்ஸ்டன்டைன் இங்கே பெரிய கோவில் எழுப்பத் துணிந்தான். எந்தப் பொறியாளரிடம் கேட்டிருந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். குன்று சரிவானது. அந்தச் சரிவு முழுக்கச் செல்வர்களின் கல்லறை வீடுகள். சற்றுத் தள்ளிச் சமமான நிலம் இருந்தது. கல்லறையைத் தொடுவது ரோமானியச் சட்டப்படி பெருங்குற்றமும்கூட. அப்படியிருந்தும் அவனுடைய ஆட்கள் வடக்கே குன்றை வெட்டினார்கள். தெற்கே சுவர்கள் எழுப்பி மண் நிரப்பினார்கள். கல்லறை வீடுகளின் கூரைகளைத் தட்டிவிட்டு உள்ளே மண்ணைக் கொட்டி மூடினார்கள். இத்தனை பாடும் எதற்கு? பலிபீடம் அந்த மாடத்துக்கு நேராக அமைய வேண்டும். அது ஒன்றுதான் காரணம். அந்தக் குழியில் இருந்தவர் பேதுருதானா என்பதை நீங்கள் நம்பலாம், நம்பாமல் போகலாம். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமைக் கிறிஸ்தவர்கள் அதை உறுதியாக நம்பினார்கள் என்பதற்கு, அவர்கள் கொட்டிய மண்ணைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். கான்ஸ்டன்டைன் அந்த மாடத்தைச் சலவைக்கல்லால் பொதிந்து வைத்தான். 600ஆம் ஆண்டை ஒட்டித் திருத்தந்தை பெரிய கிரகோரி அதன்மேல் ஒரு பீடம் அமைத்தார். 1123இல் இரண்டாம் கலிஸ்துஸ் அதை மூடி இன்னொரு பீடம் கட்டினார். 1594இல் எட்டாம் கிளெமெந்து அதற்கும் மேலே இன்றைய பீடத்தை நிறுவினார். யாரும் பழையதைப் பெயர்த்து எறியவில்லை. யாரும் ஒரு பக்கமாக நகர்த்தவும் இல்லை. மண்குழி, மாடம், சலவைக்கல் பொதிவு, பீடத்தின்மேல் பீடம், அதன்மேல் சிற்பி பெர்னினி வார்த்த 29 மீட்டர் உயர வெண்கல விதானம், அதற்கும் மேலே மைக்கேலாஞ்சலோவின் குவிமாடம், உச்சியில் சிலுவை. எல்லாம் ஒரே நேர்க்கோடு. அந்தக் கோட்டின் உச்சி தரையிலிருந்து 136 மீட்டருக்கு மேல். அதன் அடி, ஏழை ஒருவரைப் புதைத்த குழி. இந்தச் செங்குத்துக் கோட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் அந்தக் கோவில் முழுவதும் உங்களுக்குத் திறந்துவிடும்.

இந்தக் கோட்டை நகர்த்த ஒரு கட்டடக் கலைஞர் முயன்றார். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ், சுவர் சாய்ந்து கிடந்த கான்ஸ்டன்டைனின் கோவிலை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவெடுத்து, 1506 ஏப்ரல் 18இல் அடிக்கல் நாட்டினார். அந்தக் கட்டடக் கலைஞர் பிரமாந்தே. கோவிலுக்குத் தெற்கே, பழைய மைதானத்தின் எச்சமாக ஓர் எகிப்தியக் கல்தூண் நின்றுகொண்டிருந்தது. கோவிலைத் திசை திருப்பி, அந்தத் தூண் வாசலுக்கு எதிரே வரும்படி அமைத்தால் கம்பீரமாக இருக்கும். அதற்காகப் பேதுருவின் கல்லறையைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும் என்று பிரமாந்தே சொன்னாராம். திருத்தந்தை முடியாது என்றுவிட்டார். அந்தக் காலத்தில் வாழ்ந்த எகிதியோ என்ற துறவி இதை எழுதி வைத்திருக்கிறார். ஜூலியஸ் போர்க்குணம் கொண்ட, பிடிவாதமான மனிதர். பன்னிரண்டு நூற்றாண்டு பழமையான கோவிலை இடிக்கத் தயங்காதவர். அவரே அந்தக் குழியைத் தொடவிடவில்லை.

எண்பது ஆண்டு கழித்து 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் கல்தூண்தான் இடம் மாறியது. 25 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை, ஒரே கல். தொமெனிக்கோ ஃபொன்தானா என்ற பொறியாளர் மரச்சாரம் கட்டி, கயிறுகளையும் சுழல்பொறிகளையும் பூட்டி, ஏறத்தாழ 900 ஆட்களையும் பல குதிரைகளையும் வைத்து அதைப் படுக்கவைத்து, இழுத்து வந்து, செப்டம்பர் 10 அன்று கோவில் வாசலுக்கு நேரே நிமிர்த்தினார். இன்று சதுக்கத்தின் நடுவில் நிற்பது அதுதான். அது முன்பு நின்ற இடத்தில், கோவிலின் தெற்குப் பக்கத் தரையில், ஓர் அடையாளக் கல் பதித்திருக்கிறார்கள். பேதுரு சாகும்போது அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பொருள்களில் இன்று நம் கண்ணுக்கும் தெரிகிற ஒன்று இந்தத் தூண். சதுக்கத்தில் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

குவிமாடத்துக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கேலாஞ்சலோ இந்தக் கோவிலைக் கட்டும் பொறுப்பை ஏற்றபோது வயது 71. சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். இறைவனுக்காகச் செய்கிற வேலை என்றார். 1564இல், 88 வயதில் இறக்கும்வரை அதை விடவில்லை. அவர் கண்மூடியபோது குவிமாடத்தைத் தாங்கும் உருளைச் சுவர்தான் பெரும்பாலும் எழுந்திருந்தது. மேல் வளைவை ஜாக்கோமோ தெல்லா போர்த்தா 1590இல் முடித்தார். உள்விட்டம் ஏறத்தாழ 42 மீட்டர். செங்கல் கட்டுமானம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். மேலே ஏறுகிறவர்கள் அந்த இரண்டு ஓடுகளுக்கு இடையே உள்ள சந்தில்தான் நடக்கிறார்கள். சுவர் நம் மேல் சாய்ந்து வரும். நாமும் உடம்பைச் சாய்த்துக்கொண்டே ஏற வேண்டும். கடைசிச் சுழற்படியில் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு தொங்கும். மொத்தம் 551 படி; மின்தூக்கியில் மொட்டைமாடி வரை போனாலும் 320 படி மிச்சமிருக்கும். முழங்கால் வலி, இதய நோய், இறுக்கமான இடத்தில் அச்சம் இருப்பவர்கள் ஏற வேண்டாம். மற்றவர்கள் அவசியம் ஏறுங்கள். ஒரு குவிமாடத்தின் வளைவை முதுகிலும் தோளிலும் உணரக் கிடைக்கிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

கட்டி நூற்றைம்பது ஆண்டில் அந்தக் குவிமாடத்தில் விரிசல்கள் ஓடின. பாரம் பக்கவாட்டில் தள்ளியதால் செங்குத்தாகக் கீறல்கள் விழுந்தன. ரோமில் பெரும் பீதி. 1742இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், மூன்று கணித அறிஞர்களை அழைத்து ஆராயச் சொன்னார். பின்னர் பதுவா நகரிலிருந்து ஜொவான்னி பொலேனியை வரவழைத்தார். பொலேனி என்ன செய்தார் தெரியுமா? குவிமாடத்தின் ஒவ்வொரு பகுதியின் எடைக்கும் ஏற்ற சிறு குண்டுகளை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். அது வளைந்து தொங்கிய வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பி, குவிமாடத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கோடு, சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கியது. ஆகவே குவிமாடம் விழாது; ஆனால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று சொன்னார். 1743, 1744 ஆண்டுகளில் வன்வித்தெல்லி என்ற கட்டடக் கலைஞர் ஐந்து இரும்பு வளையங்களை அதைச் சுற்றிப் பூட்டினார். ஒரு கட்டடத்தின் உறுதியைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த முதல் பெரு முயற்சிகளில் ஒன்று அது. என் தொழிலின் பிறந்த வீடுகளில் ஒன்று அந்தக் கோவில் என்று நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டடத்துக்கான பணம் எல்லாம் நல்ல வழியில் வந்ததல்ல. திருத்தந்தை பத்தாம் லியோ காலத்தில், கோவில் திருப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். அதைக் கண்டு கொதித்துத்தான் மார்ட்டின் லூதர் 1517இல் தம் 95 கருத்துகளை வெளியிட்டார். மேற்கத்தியத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. ஒற்றுமையின் சின்னமாக எழுப்பிய கோவிலே பிளவுக்கும் ஒரு காரணமானது. பளிங்கையும் பொன்னையும் பார்த்து வியக்கிறபோது இதையும் நினைவில் வைத்திருப்பது நேர்மை. அதற்காக அந்தக் கைவினைஞர்களின் உழைப்பைக் குறைத்து மதிக்க வேண்டாம். 1626 நவம்பர் 18இல் எட்டாம் ஊர்பான் கோவிலை அர்ச்சித்தபோது, அடிக்கல் நாட்டி 120 ஆண்டு ஆகியிருந்தது. தாத்தா செதுக்கத் தொடங்கிய வேலையைப் பேரனின் மகன் முடித்த இடம் அது.

சரி, போனால் என்ன செய்ய வேண்டும்? உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வலப்பக்கம் பாய்வார்கள், மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிற்பத்தைப் பார்க்க. இறந்த மகனை மடியில் ஏந்திய தாய். 24 வயது இளைஞன் செதுக்கியது. அவர் தம் பெயரைப் பொறித்த ஒரே சிற்பம். 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்தியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கூட்டம் குறையட்டும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது என் ஆலோசனை. முதலில் நடுக்கூடத்தில் நேரே நடந்து செல்லுங்கள். உள்நீளம் ஏறத்தாழ 187 மீட்டர். ஆனால் அவ்வளவு பெரியதாகத் தெரியாது; எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் பெருக்கியிருக்கிறார்கள். தீர்த்தத் தொட்டியைத் தாங்கும் குழந்தை வானதூதரின் பக்கத்தில் போய் நின்றால்தான் அது ஆளுயரம் என்பது தெரியும். தரையில் உலகின் மற்றப் பெரிய கோவில்களின் நீளத்தைப் பித்தளை எழுத்தில் பதித்திருப்பதையும் காணலாம்.

நேரே போனால் பீடத்துக்கு முன்னால் தரை அரைவட்டமாகக் கீழே இறங்கியிருக்கும். சுற்றிலும் கைப்பிடிச் சுவர், அதன்மேல் அணையாமல் எரியும் விளக்குகள். பெரும்பாலோர் அந்த இடத்தைக் கடந்து வெண்கல விதானத்தைப் படம் எடுக்கப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கே நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக் கீழே பாருங்கள். நான் சொன்ன மாடம் கீழே, பீடத்தின் பக்கமுள்ள சுவருக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு மெல்லத் தலையை உயர்த்துங்கள். விதானம், அதற்கு மேல் குவிமாடம், உச்சி வெளிச்சம். அந்த நேர்க்கோட்டை உங்கள் கண் தானே வரைந்துகொள்ளும்.

1939இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸின் அடக்கத்துக்காக நிலவறைத் தரையைத் தாழ்த்தியபோது பழைய கட்டடங்கள் தட்டுப்பட்டன. பன்னிரண்டாம் பயஸ் தோண்டிப் பார்க்க அனுமதித்தார். உலகப்போர் நடந்த ஆண்டுகளில், வெளியே தெரியாமல், அந்த வேலை நடந்தது. கான்ஸ்டன்டைன் மண் கொட்டி மூடிய கல்லறைத் தெரு, சுவர் ஓவியங்களோடு அப்படியே கிடைத்தது. பேதுருவின் கல்லறை கண்டறியப்பட்டதாக 1950இல் அவர் அறிவித்தார். அங்கே கிடைத்த எலும்புகள் பேதுருவுடையவை என நம்பத்தக்க வகையில் அடையாளம் காணப்பட்டதாக 1968இல் ஆறாம் பவுல் அறிவித்தார். அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் இன்று நாமும் நடக்கலாம். ஒரு நாளைக்குச் சிலரைத்தான் சிறு குழுக்களாக அழைத்துப் போகிறார்கள். முன்கூட்டியே எழுதி இடம் பெற வேண்டும். ரோமுக்குப் போக முடிவெடுத்ததும் முதலில் இதற்கு எழுதுங்கள். விமானச் சீட்டெல்லாம் பிறகு.

கோவிலுக்குள் நடந்துகொள்ளும் விதம் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். அது அருங்காட்சியகம் அல்ல. நீங்கள் படம் எடுக்கிற அதே நேரத்தில் பக்கத்துப் பீடத்தில் ஒருவர் தம் குழந்தையின் உயிருக்காக மன்றாடிக்கொண்டிருக்கலாம். மண்டியிட்டிருப்பவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் பல மொழிகளில் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அந்த இருக்கைகளைச் சுற்றிக் கூடாதீர்கள். வலப்பக்கம் திரை தொங்கும் நற்கருணைச் சிற்றாலயம் செபிப்பவர்களுக்கு மட்டும். உள்ளே போனால் அமைதியாக உட்காருங்கள். கைபேசியைப் பையில் வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பேதுருவின் வெண்கலச் சுரூபத்தின் வலக்கால் விரல்கள், நூற்றாண்டுகளாக மக்கள் முத்தமிட்டும் தொட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. நம்பிக்கை இல்லாதவர் வேடிக்கைக்காக அதைத் தொட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். முடிந்தால் ஒரு மாலைத் திருப்பலிக்கு இருந்து பாருங்கள். கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். அந்தப் பாட்டும் தூபமும் அந்தக் கூரைக்கு எழும்போதுதான், இத்தனை உயரமும் எதற்கு என்று விளங்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறையை இங்கே தேடாதீர்கள். அவர் விருப்பப்படி ரோமிலேயே வேறொரு கோவிலில், புனித மரியா பெருங்கோவிலில், அடக்கம் செய்யப்பட்டார். இரண்டாம் ஜான்பால் இங்கேதான் இருக்கிறார்.

நமக்கு அந்தச் சதுக்கத்தோடு ஓர் உறவும் உண்டு. 2022 மே 15 அன்று அங்கே பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனை ஊழியராக இருந்து, கிறிஸ்தவரானவர். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. ரோமில் ஒருவரைக் கொன்று புதைத்த இடத்தின் மேல் எழுந்த கோவிலின் முற்றத்தில், நம் ஊரில் கொன்று புதைக்கப்பட்ட ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டது. அந்தச் சதுக்கத்தில் நிற்கிற தமிழர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இது தெரிந்து நிற்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பயண ஏற்பாட்டாளர் ரோமுக்கு அரை நாள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் கோவிலுக்கு மட்டும் ஒரு முழுக் காலை வேளை கேட்டு வாங்குங்கள். புதன்கிழமை வேண்டாம்; அன்று காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடக்கும். வரிசையில்லாமல் உள்ளே விடுகிறோம் என்று சதுக்கத்தைச் சுற்றிச் சீட்டு விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். குவிமாடம் ஏறச் சீட்டு வேண்டும். கோவிலுக்குள் நுழைய யாருக்கும் கட்டணம் இல்லை. கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கிறது.